எங்கே அறுப்பது

1959-இல் அமெரிக்க வனத்துறையில் மர நோய் வல்லுநராகச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோவுக்குக் காலம் ஒரு விதத்தில் கைகொடுத்தது. ஒரே ஆள் தூக்கிப் பிடித்து வேலை செய்யக்கூடிய செயின்சா அப்போதுதான் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை மரத்துக்குள் அழுகல் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் மரத்தைக் குறுக்கே அறுத்துத்தான் பார்த்தார்கள். குறுக்கு வெட்டில் தெரிவது ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு கறையும்தான். கறை எங்கிருந்து வந்தது, எதுவரை போகிறது என்று அதில் தெரியாது. ஷைகோ நியூ ஹாம்ப்ஷையர் காடுகளில் மரங்களை நெடுக்காக, வேரிலிருந்து உச்சி நோக்கிப் பிளந்தார். பணிக்காலம் முழுக்க அவர் இப்படிப் பிளந்து பார்த்த மரங்கள் 15,000-க்கும் மேல்.

நெடுக்கு வெட்டில் ஒவ்வொரு கறைக்கும் ஒரு தொடக்கம் தெரிந்தது. ஒடிந்த கிளை, தீக்காயம், வண்டி இடித்த இடம். கூடவே, கிளை கழிக்க வந்தவர்கள் ஒழுங்காக வெட்டியதாக நினைத்துக்கொண்டு போன இடங்களும் வரிசையாக வந்தன. மரத்துக்கு வைத்தியம் பார்த்தவர்களே பல மரங்களுக்கு நோயைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ரம்பம் நல்ல ரம்பம்தான். அதை வைத்த இடம்தான் தப்பு. அந்த இடம் பிசகினால் மரத்துக்கு ஏற்படும் கேடு தெரியவர இருபது ஆண்டுகூட ஆகலாம். அறுப்பவருக்கு ஏற்படும் கேட்டுக்கு ஒரு நொடி போதும். இந்த அத்தியாயத்தில் ரம்பம், கயிறு, மரம் மூன்றையும் அந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாம்.

ரம்பத்திலிருந்தே தொடங்குவோம். சங்கிலியில் பல் கோத்து அறுக்கும் யோசனை காட்டில் பிறந்ததல்ல, பிரசவ அறையில் பிறந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர்கள் எலும்பை அறுக்க வளைந்து கொடுக்கும் சங்கிலி ரம்பம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். 1830 வாக்கில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனே அதற்குக் கைப்பிடியும் சுற்றும் பிடியும் வைத்தார். அவருடைய கருவியைப் படத்தில் பார்த்தால் இன்றைய செயின்சாவின் குட்டி வடிவம்தான். மரத்துக்கான இயந்திரம் வர இன்னொரு நூற்றாண்டு ஆனது. 1926-இல் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் செய்த மின்சார செயின்சா பெருங்கனம், பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். 1959-இல் அவருடைய நிறுவனம் விற்ற 'கான்ட்ரா' 12 கிலோ. இன்று மரத்தின் மேல் ஏறுபவர் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு போகும், மேல்கைப்பிடி வைத்த சிறு ரம்பம் 3 கிலோவை ஒட்டி இருக்கும்.

எடை குறைந்தது பாதிக் கதைதான். மீதிப் பாதி பல்லில் இருக்கிறது. ஆரம்பகாலச் சங்கிலிகளில் கைரம்பத்தின் பற்களையே வரிசையாகப் பதித்திருந்தார்கள். அவை மரத்தைச் சுரண்டின. சீக்கிரம் மழுங்கின. அறுக்கும் நேரத்தைவிட அரம் போடும் நேரம் அதிகம் என்று தொழிலாளிகள் புலம்பினார்கள். 1946-இல் ஆரிகன் மாநிலத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பஃபர்ட் காக்ஸ், ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு ஒன்று குடைந்துகொண்டிருப்பதைக் கண்டார். விரல் பருமன் உள்ள புழு. நார் ஓடும் திசையிலும் குடைந்தது, அதற்குக் குறுக்கேயும் அதே வேகத்தில் குடைந்தது. அதன் தாடை இரண்டும் வளைந்த வடிவில் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்றாக மாறி மாறிச் செதுக்கின. காக்ஸ் போர்ட்லேண்டில் தன் வீட்டு நிலவறையில் அதே அமைப்பை எஃகில் செய்து பார்த்தார். 1947 நவம்பரில் விற்பனைக்கு வந்த அந்தச் சங்கிலியின் அடிப்படை வடிவம்தான் இன்றுவரை உலகெங்கும் ஓடுகிறது.

அந்தப் பல்லைக் கையில் எடுத்து உற்றுப் பார்ப்பது நல்லது. இடப்பக்கம் ஒரு பல், வலப்பக்கம் ஒரு பல். ஒவ்வொன்றும் மேலே ஒரு கூரை, பக்கத்தில் ஒரு சுவர் என்று வளைந்த தகடு. சுவர் நாரைக் குறுக்கே அறுக்கிறது. கூரை அந்த நாரை உளி போலக் கிளப்பி எடுக்கிறது. பல்லுக்கு முன்னால் சின்னத் திமில் ஒன்று துருத்தி நிற்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று தீர்மானிப்பது அதுதான். திமிலின் உச்சிக்கும் பல்லின் முனைக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக 0.65 மில்லிமீட்டர், அதாவது தடித்த காகிதம் நான்கைந்தின் கனம். பல்லைத் தீட்டத் தீட்ட அதன் உயரம் குறையும், திமில் அப்படியே நிற்கும். கடைசியில் பல் கூர்மையாக இருந்தும் மரத்தைத் தொடாமல் வழுக்கும். அதனால் திமிலையும் அவ்வப்போது தட்டை அரத்தால் இறக்க வேண்டும். இங்கே பொறுமை போய் ஒரேயடியாக இறக்கிவிட்டால் பல் அளவுக்கு மீறிக் கடிக்கும், ரம்பம் கையில் துள்ளும்.

சங்கிலி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. கீழே விழுவதைப் பார்த்தாலே போதும். செதில் செதிலாக விழுந்தால் பல் கூர். மாவு போலத் தூள் விழுந்தால் மழுங்கிவிட்டது. ரம்பத்தை அழுத்தித்தான் அறுக்க வேண்டியிருக்கிறது என்றாலும் மழுங்கல்தான், ஏனென்றால் கூரான சங்கிலி தன்னைத்தானே மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளைகிறதென்றால் ஒரு பக்கத்துப் பற்கள் மற்றதைவிட நீளமாக அல்லது கூராக இருக்கின்றன. அரம் உருட்டு அரமாக இருக்க வேண்டும், சங்கிலியின் அளவைப் பொறுத்து 4 மி.மீ. முதல் 5.5 மி.மீ. வரை விட்டம். பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 டிகிரி சாய்வில், முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்தி, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். பழகிய கை டேங்கில் பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு தேய்ப்புத் தேய்த்துவிடும். புதுக்கை சங்கிலி முற்றாக மழுங்கும்வரை காத்திருந்து, பிறகு அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டும்.

இந்தப் பற்கள் எவ்வளவு வேகமாகப் போகின்றன? சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்துக்கு 7 பல், சங்கிலியின் அளவு எட்டில் மூன்று அங்குலம் என்றால், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது சங்கிலி சுமார் 13 செ.மீ. நகரும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரின் அடிப்பக்கத்தால் அறுத்தால் அந்த ஓட்டம் ரம்பத்தை முன்னே இழுக்கும். மேல்பக்கத்தால் அறுத்தால் நம்மை நோக்கித் தள்ளும். இரண்டும் சமாளிக்கக்கூடியவைதான். சமாளிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. பாரின் நுனியில் மேல் கால்வட்டம். சங்கிலி அங்கே வளைந்து கீழே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஒரு பல் மரத்தில் மாட்டிக்கொண்டால் சங்கிலிக்குப் போக வழியில்லை. அதன் வேகம் முழுவதும் ரம்பத்தின் மேல் திரும்பி, பாரை மேலும் பின்னுமாக, பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி வீசும். தொழிலில் இதை கிக்பேக் என்பார்கள். முழுச் சம்பவமும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். மனிதர் கண்ணால் பார்த்துக் கையை அசைக்க அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே, "கவனமாக இருந்தால் தப்பிக்கலாம்" என்று சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். கவனம் தேவைப்படுவது அதற்கு முன்னால்: நுனி எங்கே இருக்கிறது, இலைக்குப் பின்னால் எந்தக் கிளையைத் தொடப்போகிறது என்பதில்.

மீதியைக் கருவி பார்த்துக்கொள்கிறது. முன்கைக்கு முன்னால் நிற்கும் கவசம் வெறும் கவசமல்ல, அதுவே பிரேக். ரம்பம் திடீரென்று எகிறினால் அந்தக் கவசத்தின் சடத்துவமே பிரேக்கைப் போட்டுவிடும், கை படவேண்டிய அவசியமில்லை. இடதுகைக் கட்டைவிரல் கைப்பிடியின் அடியில் சுற்றி இருக்க வேண்டும் என்பதும், பாருக்கு நேர்பின்னால் தலையை வைக்கக் கூடாது என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அறுப்பவர் அணியும் காப்புக் கால்சட்டை இன்னொரு சாதுரியம். அறுபடாத துணி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை, சங்கிலி அதையும் அறுக்கும். ஆனால் உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் நீண்ட இழைகள் உருவி வெளியே வந்து, பல்சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். தாங்கும் சங்கிலி வேகத்தை வைத்துக் கால்சட்டையை வகுப்பு பிரிக்கிறார்கள்: நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்கு முதல் வகுப்பு, 24-க்கு இரண்டாம் வகுப்பு, 28-க்கு மூன்றாம் வகுப்பு. தரையில் நிற்பவருக்குக் காலின் முன்பக்கம் காப்பு இருந்தால் போதும். மரத்தில் தொங்குபவருக்குக் கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் சுற்றிலும் வேண்டும். நம் ஊரில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு கையால் ரம்பத்தைப் பிடித்துக் கிளையில் நிற்பவர்களைப் பார்க்கும்போது அவர்களுடைய திறமையை மறுக்க முடிவதில்லை. அவர்களை அப்படி ஏற்றிவிடும் ஒப்பந்தக்காரரைத்தான் நிறுத்திக் கேட்க வேண்டும்.

இனி மேலே ஏறுவோம். கால் கிலோவிலிருந்து அரை கிலோ வரை எடையுள்ள ஒரு சிறு பை, அதில் கட்டிய 2 மி.மீ. மெல்லிய நூல். அதைக் கைவீச்சிலோ, ஆளுயரக் கவண் ஒன்றிலோ எறிந்து உயரமான கவட்டையில் போடுவார்கள். நூலைப் பிடித்துக் கயிற்றை இழுத்துக்கொண்டால் ஏறத் தயார். கவட்டையைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருக்க வேண்டும். குறைந்தது 10 செ.மீ. தடிமன், பச்சையான கிளை, கயிறு கிளையை மட்டுமல்லாமல் நடுத்தண்டையும் சுற்றி வரவேண்டும். ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து தொங்கி உலுக்கிப் பார்ப்பதும் உண்டு.

கயிற்றில் ஆள் நிற்பது முடிச்சால், முடிச்சு நிற்பது உராய்வால். இந்த உராய்வுக்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் ஆய்லர் கணக்குப் போட்டுவிட்டார். தூணில் கயிற்றைச் சுற்றினால் பிடிப்பு சுற்றுக்குச் சுற்று கூடுவதில்லை, பெருகுகிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். கையில் 10 கிலோ விசை கொடுத்துப் பிடித்தால், ஒரு சுற்று 66 கிலோவைத் தாங்கும். இரண்டு சுற்று 430 கிலோ. மூன்று சுற்றில் 2,850 கிலோ. தூண் பருத்ததா சிறுத்ததா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை, எத்தனை சுற்று என்பதுதான் முக்கியம். கீழே நிற்கும் ஒரே ஆள் அரை டன் மரத்துண்டை நிதானமாக இறக்க முடிவது இதனால்தான். அடிமரத்தில் பொருத்திய ஓர் உலோக உருளையில் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருப்பார்.

ஏறுபவரின் முடிச்சு இதே கணக்கை இன்னொரு விதமாகப் பயன்படுத்துகிறது. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சுதான் இந்தக் குடும்பத்தின் மூத்தது. எடை விழுந்தால் இறுகும், எடை இல்லாதபோது கையால் நகர்த்தலாம். மரம் ஏறுபவர்கள் பெருவாரியாகக் கற்றுக்கொள்ளும் முடிச்சை 1994-இல் ஜேசன் பிளேக் என்பவர் தொழில் இதழ் ஒன்றில் விளக்கினார். ஹைன்ஸ் புரோஹாஸ்கா அதற்கு முன்பே அதைக் கண்டிருந்தார், ஆனாலும் பெயர் பிளேக்குக்குப் போய்விட்டது. கயிற்றைச் சுற்றி மேல்நோக்கி நான்கு சுற்று. பிறகு முனையைக் கீழே கொண்டுவந்து, முக்கியக் கயிற்றின் பின்புறமாக, அடி இரண்டு சுற்றுகளுக்குள் நுழைத்து வெளியே எடுக்க வேண்டும். முனை நழுவிவிடாமல் கடைசியில் ஒரு தடுப்பு முடிச்சு. மேல் சுற்றுகளைக் கையால் மெல்ல அழுத்தினால் ஆள் இறங்குவார், விட்டால் நிற்பார். அவசரப்பட்டு விர்ரென்று இறங்கினால் உராய்வு முழுவதும் முடிச்சின் ஒரே இடத்தில் விழுந்து, அங்கே இழை உருகிப் பளபளப்பாகிவிடும். பாலியஸ்டர் 260 டிகிரியை ஒட்டி உருகும். பளபளத்த இடம் அடுத்த முறை சரியாகப் பிடிக்காது. முடிச்சுக்கென்று வெப்பம் தாங்கும் அரமிட் இழை கலந்த தனிக்கயிறுகள் வந்ததற்கு இதுதான் காரணம்.

மலையேறும் கயிறும் மரமேறும் கயிறும் ஒன்றல்ல. மலையேறுபவரின் கயிறு நீளும். விழுந்தால் அந்த நீட்சியே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மரமேறுபவரின் கயிறு நீளக் கூடாது, நீண்டால் ஏறும் உழைப்பில் பாதி கயிற்றை இழுப்பதிலேயே போய்விடும். அதற்கு விலையாக, அந்தக் கயிற்றில் தொய்வு வைத்துக்கொண்டு விழக் கூடாது. இரண்டு மீட்டர் தொய்வோடு கால் சறுக்கினால் கயிறு அறாமல் போகலாம், இடுப்பெலும்பு தாங்காது. எப்போதும் கயிறு இறுக்கமாக, ஆள் கவட்டைக்குக் கீழே. ரம்பத்தை இயக்கும் நேரத்தில் இரண்டாவதாக ஒரு கட்டும் இருக்க வேண்டும், ஒன்றைத் தவறுதலாக அறுத்துவிட்டாலும் இன்னொன்று நிற்கும்.

கயிறு ஓடும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கவட்டையின் மேல் போட்ட கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுபக்கத்தைத் தன் முடிச்சால் பிடித்து ஏறினால், கவட்டையின் மேல் ஏறுபவரின் எடை மட்டுமே விழும். இந்த முறையில் கயிறு கவட்டையில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் பட்டை தேயும். அதைத் தடுக்க இரண்டு வளையம் வைத்த வார் ஒன்றை அங்கே மாட்டுவார்கள். புதிய முறையில் கயிறு அசையாது. ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையில் ஆள் ஏறுவார். வசதியான முறைதான், வேகமானதும்கூட. ஆனால் 80 கிலோ ஆளைத் தாங்க அடிமரத்துப் பக்கமும் கிட்டத்தட்ட 80 கிலோ இழுக்கிறது. கவட்டை சுமப்பது 160 கிலோ. பழைய முறையில் பலகாலம் தாங்கிய கிளை இந்த முறையில் ஒடிந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மேலிருந்து துண்டை இறக்கும்போது இந்த இரட்டிப்பு இன்னும் மோசமாகும். நின்ற தண்டின் உச்சியிலிருந்து 100 கிலோ துண்டை அறுத்துத் தள்ளுகிறோம். துண்டில் கட்டிய கயிறு ஓடும் கப்பி துண்டுக்குக் கீழே இருப்பதால் துண்டு ஒரு மீட்டர் விழுந்த பிறகே கயிறு இறுகும். கீழே நிற்பவர் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்து 20 செ.மீ.க்குள் நிறுத்திவிட்டால், கயிற்றில் வரும் விசை சராசரியாக 600 கிலோ. கப்பியில் அது 1,200. ஆள் கட்டிக்கொண்டு நிற்கும் அதே தண்டு அந்த அடியை வாங்கி ஆடும். அதே துண்டைக் கயிறு ஓட விட்டு, ஒரு மீட்டர் தூரத்தில் மெல்ல நிறுத்தினால் கயிற்றில் 200 கிலோதான். மேலே ரம்பம் பிடிப்பவருக்குத்தான் பெயர் கிடைக்கிறது. கயிறு விடத் தெரிந்த கீழ் ஆள் இல்லையென்றால் அவர் உயிரோடு இறங்கிவரமாட்டார்.

இதுவரை பார்த்தவை நாம் கொண்டுபோகும் விசைகள். மரம் தனக்குள் வைத்திருக்கும் விசை வேறு. கிடைமட்டமாக நீண்ட கிளையில் மேல்பக்கம் இழுபட்டிருக்கும், கீழ்ப்பக்கம் அமுங்கியிருக்கும். அமுங்கிய பக்கம் முதலில் அறுத்தால் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வும். இழுபட்ட பக்கத்தை மட்டும் அறுத்தால் பாதியிலேயே கிளை கிழிந்து, பட்டையை அடிமரம்வரை உரித்துக்கொண்டு விழும். சாய்ந்த மரத்தைப் பின்பக்கம் இருந்து அறுப்பது இதன் பெரிய வடிவம். பாதி அறுபட்டதும் தண்டு நெடுக்காகப் பிளந்து, பின்பாதி வில்லிலிருந்து விடுபட்டது போல மேலே எகிறும். அறுப்பவரின் மார்பும் முகமும் அது போகும் பாதையில் இருக்கும். இதற்கு அனுபவசாலிகள் கண்ட வழி, ரம்பத்தின் நுனியைத் தண்டின் நடுவே குத்தி இறக்கி, முன்னே மரம் மடிவதற்கு ஒரு கீல் அளவும் பின்னே ஒரு பட்டை அளவும் விட்டுவைப்பது. எல்லாம் தயாரான பிறகு, கடைசியாகப் பின்பட்டையை அறுத்துவிட்டு விலக வேண்டும். முன்னால் விடும் கீல் தண்டின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் இருந்தால் மரம் சொன்ன திசையில் மடியும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேரோடு சாய்ந்த மரத்தின் அடியில் வேர்த்தட்டு செங்குத்தாக நிற்கும். அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது தண்டின் எடை. தண்டை வேருக்கு அருகே அறுத்ததும் எடை போய்விடும், வேர்த்தட்டு பழைய குழிக்குள் படாரென்று திரும்பி உட்காரும். குழிக்குள் நின்று விறகு பொறுக்குபவர், தட்டின் நிழலில் உட்கார்ந்திருப்பவர், இவர்களை முதலில் வெளியே அனுப்பிவிட்டுத்தான் ரம்பத்தை இழுக்க வேண்டும்.

இப்போது ஷைகோவிடம் திரும்பலாம். 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹார்டிக் மரம் அழுகுவதற்குக் காளான்தான் காரணம் என்று நிறுவினார். அதன் பிறகு நிலைத்த எண்ணம், காயம் பட்டால் காளான் நுழையும், உயிரற்ற வைரப்பகுதியை அது தின்னும், மரம் பார்த்துக்கொண்டு நிற்கும் என்பது. ஷைகோ பிளந்த மரங்களில் அப்படி இல்லை. கறையின் விட்டம் எப்போதும் ஓர் எல்லையில் நின்றது. வளைய எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால், அந்த எல்லை காயம் பட்ட ஆண்டில் மரம் எவ்வளவு பருமனாக இருந்ததோ அந்த அளவு. அதற்குப் பிறகு வளர்ந்த மரம் முழுவதும் சுத்தமாக இருந்தது. மரம் கெட்ட பகுதியை ஆற்றிச் சரிசெய்யவில்லை, அதற்குச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளர்ந்துகொண்டிருந்தது. 1977-இல் அவர் இதற்கு நான்கு சுவர்களைக் கொண்ட ஒரு மாதிரியை வெளியிட்டார். மேலும் கீழும் குழாய்களை அடைப்பது முதல் சுவர், அதுதான் பலவீனமானது. உள்ளே போவதைத் தடுக்கும் ஆண்டு வளையம் இரண்டாவது. பக்கவாட்டில் தடுக்கும் கதிர்க்கோடுகள் மூன்றாவது. காயத்துக்குப் பிறகு, பட்டைக்கு அடியில் வளரும் படலமான கேம்பியம் புதிதாகக் கட்டுவது நான்காவது, எல்லாவற்றிலும் வலியது.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் மரம் இந்தச் சுவருக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. அடியில் கொஞ்சம் புடைத்த ஒரு கழுத்து. மேலே கவட்டையில் பட்டை மடிந்து நிற்கும் ஒரு கரிய வரி. கழுத்து தண்டுக்குச் சொந்தம், கிளைக்கல்ல. ஒரு காலத்தில் கிளையைத் தண்டோடு ஒட்டச் சமமாக அறுப்பதே அழகு என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது கழுத்தையே வெட்டி எறிந்தது, கிளைக்கான சுவர் போய்த் தண்டிலேயே காயம் விழுந்தது. நீளக் கட்டையாக விட்டாலும் மரத்தால் அதை மூட முடியாது. கழுத்துக்கு வெளியே, அதை உரசாமல் அறுக்க வேண்டும். கிளை கனமானது என்றால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து கால்பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும், கனம் இறங்கிய பிறகு மிஞ்சிய கட்டையைக் கழுத்தருகே நிதானமாக. இடம் சரியாக இருந்தால் ஓரிரு ஆண்டில் காயத்தைச் சுற்றி வட்டமாகத் தசை திரளும். கழுத்தை வெட்டிய இடத்தில் அது இரண்டு பக்கம் மட்டும் திரண்டு, மேலும் கீழும் விரிசல் விட்டு நிற்கும். சாலையோர மரங்களில் இதை யாரும் போய்ப் பார்க்கலாம்.

இந்தக் கண்டுபிடிப்பு பல பழைய வைத்தியங்களைத் தூக்கிப் போட்டது. 1901-இல் 'தி ட்ரீ டாக்டர்' நூலை எழுதிய ஜான் டேவி காலத்திலிருந்து, பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்டால் அடைப்பது பெரிய கலையாக இருந்தது. சுரண்டும்போது அழுகலோடு சுவரும் போய்விடுகிறது. வெட்டிய இடத்தில் தார் பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை, பார்ப்பவருக்கு வேலை முடிந்த திருப்தியைத் தருகிறது, அவ்வளவுதான். மின்கம்பிக்குக் கீழே நிற்கும் தூங்குமூஞ்சியையும் வேம்பையும் உச்சியில் மொட்டையடிப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. மொட்டைக் கட்டையின் ஓரத்திலிருந்து கொத்தாக முளைக்கும் துளிர்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். அவை வெளி வளையங்களில் மட்டுமே வேர் பிடித்தவை, அடியில் கட்டை அழுகிக்கொண்டிருக்கும். அவை கனத்து வளர்ந்ததும் அடுத்த புயலில் அவைதான் முதலில் பிய்ந்து விழும்.

தென்னையும் பனையும் இந்த விதிகளுக்கு உட்படாது. அவற்றுக்குக் கேம்பியம் இல்லை, நான்காவது சுவர் கட்ட ஆளில்லை. ஏறுவதற்காகத் தென்னந்தண்டில் கொத்திய படி நாற்பது ஆண்டு கழித்தும் கொத்திய அன்று இருந்த ஆழத்திலேயே இருக்கும். காலில் இரும்பு முள் கட்டி ஏறுவதும் அப்படித்தான். பனையேறிகள் காலில் மாட்டும் தளைநார் தண்டைக் கீறாமல் உராய்வால் மட்டுமே பிடிக்கிறது, மரம் ஏறும் கருவிகளில் அதைவிட மரத்துக்கு இதமானது குறைவு. ஓலை கழிப்பதிலும் கணக்கு தலைகீழ். கிடைமட்டத்துக்கு மேலே நிற்கும் பச்சை ஓலையில் கைவைக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் ஒரு பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால், வேம்பில் செய்வது போல அடிக்கு அருகே வெட்டக் கூடாது. வெட்டிய பச்சைக் காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அங்கே முட்டையிடும், புழு உள்ளே குடைந்து போகும். அதனால் தண்டிலிருந்து நாலடி மட்டையை விட்டுவிட்டுத்தான் வெட்டச் சொல்கிறார்கள் தென்னை வல்லுநர்கள்.